கோல்பேர்: கைத்திறனைத் தேடிய அமைச்சர்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

ஒரு நாடு எதை விற்று வாழ்கிறது? அதன் மண்ணில் விளைவதையும், நிலத்தடியில் கிடைப்பதையும் விற்று வாழ்கிறது என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். அவ்விடை பாதி உண்மையே ஆகும். மண் தருவது நாலைந்து பொருள். மனிதர் கை தருவதோ நானூறு பொருள். மண்ணை மட்டும் நம்பிய நாட்டின் ஏற்றுமதிப் பட்டியல் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். தேர்ந்த கைகளை உடைய நாட்டின் பட்டியலோ ஆண்டுதோறும் நீண்டுகொண்டே செல்லும். இவ்வுண்மையை முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, ஒரு பேரரசின் பொருளாதாரத்தையே அதன்மேல் நிறுத்த முயன்றவர் ஒருவர் உண்டு. அவரே பிரான்சு நாட்டு அமைச்சர் ழான் பத்தீஸ்து கோல்பேர்.

நம் பாடநூல்களில் வாணிபவாதம் என்னும் பகுதியில் இவர் பெயர் கோல்பர்ட் என்று ஒரு வரியில் வந்து மறைகிறது. பொன்னும் வெள்ளியுமே செல்வம் என்று எண்ணிய கூட்டத்தைச் சேர்ந்தவர் என எழுதி, மதிப்பெண் பெற்று, நாமும் ஆடம் ஸ்மித்துக்குத் தாவிவிடுகிறோம். அவர் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தபோது, அந்த ஒரு வரி அவருக்கு நீதி செய்யவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவருடைய வெற்றி, தோல்வி இரண்டிலுமே நமக்குப் பாடம் இருக்கிறது. அதனை மாணவ நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துணி வணிகர் வீட்டுப் பிள்ளை

கோல்பேர் 1619ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் ரீம்ஸ் நகரில் பிறந்தார். துணி வணிகம் செய்து வந்த குடும்பம் அது. பிற்காலத்தில் உயர்பதவி அடைந்தபின், தம் முன்னோர் ஸ்காட்லாந்து நாட்டுப் பிரபுக்கள் என்று காட்டிக்கொள்ள அவர் விரும்பினார். ஆனால் அவரை உயர்த்தியது முன்னோர் பெருமையன்று, கணக்கேடே. எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, எந்த விலைக்குப் போகிறது என்று பார்க்கும் வணிகர் கண் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது.

முதலில் போர்த்துறைச் செயலர் லெ தெலியேரிடம் பணிபுரிந்தார். 1651 முதல் தலைமை அமைச்சர் மசரைனின் சொந்தச் சொத்துக்களை நிருவகித்தார். 1661 மார்ச்சு மாதம் மசரைன் மறைந்தார். இளைஞரான பதினான்காம் லூயி மன்னர், இனித் தாமே ஆளப்போவதாக அறிவித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் நிதிப் பொறுப்பாளர் ஃபூக்கே கைது செய்யப்பட்டார். அவர் வீழ்ச்சிக்கு முன்னின்று வழிவகுத்தவர் கோல்பேரே. அதன்பின் படிப்படியாக அதிகாரம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. 1664இல் அரசுக் கட்டடங்களின் மேற்பார்வையாளர், 1665இல் நிதித் தலைமை அதிகாரி, 1669இல் கடற்படைச் செயலர் என்று ஒரே மனிதர் பல துறைகளைச் சுமந்தார். விடியுமுன் எழுந்து இரவு வரை உழைப்பவர், சிரிக்காதவர், முகத்தைப் பார்த்தாலே குளிரும் என்று அரண்மனையில் பேர் வாங்கியவர்.

விற்றதும் வாங்கியதும்

அன்று ஐரோப்பாவில் மக்கள்தொகை மிகுந்த நாடு பிரான்சு. சுமார் 2 கோடி மக்கள். வளமான மண். ஆனால் அது வெளியே விற்றது பெரும்பாலும் திராட்சை மது, பிராந்தி, உப்பு, தானியம், சணல்நார்த் துணி ஆகியவையே. மேன்மக்கள் உடுத்தும் மெல்லிய சகலாத்து ஹாலந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தது. நிலைக்கண்ணாடியும் லேஸ் பின்னலும் வெனிஸ் நகரிலிருந்து வந்தன. சித்திரத் திரைச்சீலைக்கு அண்டை நாடான ஃபிளாண்டர்ஸ் பேர்போனது.

இங்கு ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். கண்ணாடிக்கு வேண்டிய மணலும் விறகும் பிரான்சில் இல்லாதவையா? லேஸுக்கு வேண்டிய நூல் இல்லையா? எல்லாம் இருந்தன. இல்லாதது ஒன்றே: செய்யத் தெரிந்த கை. ஹாலந்தோ பிரான்சின் மூலையளவு நாடு. வெனிஸ் கடலில் மிதக்கும் ஒரு நகரம். அவற்றின் செல்வம் மண்ணில் இல்லை, மக்கள் விரல்நுனியில் இருந்தது. துணி வணிகர் மகனாகிய கோல்பேருக்கு இது விளங்க நெடுநாள் ஆகவில்லை.

ஆட்களைத் தேடிப் பிடித்தார்

சரக்கை இறக்குமதி செய்வதற்குப் பதிலாக, சரக்கைச் செய்யும் ஆளை இறக்குமதி செய்ய வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. 1665இல் ஹாலந்து நாட்டு மிடல்பர்க் நகரிலிருந்து வான் ரோபே என்னும் துணி உற்பத்தியாளர், ஐம்பது தொழிலாளருடனும் தறிகளுடனும் வடபிரான்சின் அப்பவீல் நகருக்கு வரவழைக்கப்பட்டார். அவர் சீர்திருத்தக் கிறித்தவர். பிரான்சு கத்தோலிக்க நாடு. ஆயினும் அவரும் அவர் ஆட்களும் தம் சமயப்படி வழிபடலாம் என்று அரசு உறுதி கொடுத்தது. கைத்திறன் வேண்டுமானால் கைக்குரியவரின் மனத்தையும் மதிக்க வேண்டும் என்பதைக் கோல்பேர் அறிந்திருந்தார். அந்த ஆலை அவர் காலத்தோடு அழியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு வேலை தந்து ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றது.

பாரிசில் கோப்லான் குடும்பத்தாரின் பெயரால் வழங்கிய சாயப்பட்டறை இடத்தை 1662இல் அரசுக்கு வாங்கி, அங்குத் திரைச்சீலை நெசவாளரை ஒன்றுசேர்த்தார். 1667இல் அது அரசத் தொழிற்கூடமாயிற்று. ஓவியர் லெ ப்ரன் அதன் தலைவர். அங்கு நெசவாளர், சாயக்காரர், தச்சர், வெள்ளிவேலை செய்வோர் அனைவரும் ஒரே மதிலுக்குள் பணியாற்றினர். சிறுவர்களைத் தெரிந்தெடுத்து, முதலில் ஓவியம் வரையக் கற்பித்து, பின்னரே தொழிலில் பழக்கினர். பட்டறையும் பள்ளியும் ஒன்றாக இருந்த இடம் அது.

கண்ணாடிக் கதை

இவற்றுள் கண்ணாடியின் கதையே மிகவும் சுவையானது. வெனிஸ் அரசு தன் முரானோத் தீவுக் கண்ணாடித் தொழிலாளரைப் பொக்கிஷம் போலக் காத்தது. நாட்டைவிட்டு வெளியேறித் தொழில் செய்பவருக்குக் கடுந்தண்டனை உண்டு; வீட்டிலுள்ள உறவினர்க்கும் தொல்லை உண்டு. அப்படியிருந்தும் வெனிசிலிருந்த பிரெஞ்சுத் தூதர் மூலம், கோல்பேர் சில கைதேர்ந்த தொழிலாளரை இரகசியமாகப் பாரிசுக்குக் கொண்டுவரச் செய்தார். 1665 அக்டோபரில் அரசக் கண்ணாடித் தொழிற்கூடம் தொடங்கியது.

ஆள் வந்தால் திறன் வந்துவிடும் என்று எண்ணியது தவறாயிற்று. வந்தவர்கள் மிகுந்த கூலி பெற்றார்கள், கண்ணாடியும் செய்தார்கள். ஆனால் பிரெஞ்சுத் தொழிலாளர் பக்கத்தில் நின்று பார்ப்பதைக்கூட விரும்பவில்லை. கற்றுக்கொடுத்துவிட்டால் தம் மதிப்பு போய்விடும் என்பது அவர்கள் அச்சம். வெனிஸ் தூதர் ஒருபுறம் அச்சுறுத்தியும் மறுபுறம் மன்னிப்பு வாக்குறுதி கொடுத்தும் அவர்களைத் திரும்ப அழைத்தார். 1667 தொடக்கத்தில் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். நஞ்சூட்டப்பட்டனர் என்று ஊர் பேசியது, மெய்ப்பிக்கப்படவில்லை. எஞ்சியவருள் பெரும்பாலோர் அவ்வாண்டிலேயே ஊர் திரும்பினர்.

முயற்சி அத்துடன் முடிந்திருக்கும். அதைக் காத்தவர் உள்ளூர்க்காரர் ஒருவர். நார்மண்டிப் பகுதியில் ஷெர்பூர் துறைமுகத்துக்கு அருகில் லூக்கா தெ நெஹூ என்பவர் கண்ணாடிப் பட்டறை நடத்திவந்தார். அவரும் அவர் ஆட்களும் முயன்று வேலையின் நுட்பத்தைப் பிடித்துக்கொண்டனர். அரசத் தொழிற்கூடம் அவரோடு இணைந்தது. உள்நாட்டுக் கைகள் பழகிய பிறகே, 1672இல் வெனிஸ் கண்ணாடி இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 1684இல் முடிவுற்ற வெர்சேல்ஸ் மாளிகையின் கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. அவை பிரெஞ்சுக் கைகள் செய்தவை. அதற்குச் சில ஆண்டுகளில், குழம்பை ஊதிப் பரப்பாமல் மேசைமேல் வார்த்துப் பெரிய தகடு செய்யும் முறையும் பிரான்சிலேயே பிறந்தது. கற்றுக்கொண்ட கை, கற்பித்த கையைத் தாண்டிச் சென்றது! வெனிஸ் தன் சந்தையை இழந்தது.

அத்தொழிற்கூடம் பின்னர் சென் கோபேன் என்னும் ஊருக்குப் பெயர்ந்து அவ்வூர்ப் பெயரையே பெற்றது. நாம் செயின்ட் கோபெய்ன் என்று உச்சரிக்கும் அந்நிறுவனம் இன்றும் வாழ்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் நம் ஸ்ரீபெரும்புதூரிலும் கண்ணாடி செய்கிறது.

ஊசி முனையில் ஒரு நாடு

லேஸ் தொழிலிலும் கோல்பேர் இதையே செய்தார். வெனிசிலிருந்து பின்னல் தெரிந்த பெண்களை வரவழைத்து, 1665இல் ஒரு கம்பெனிக்குத் தனியுரிமை அளித்தார். அலான்சோன் நகரில் வீட்டிலிருந்தே பின்னிப் பிழைத்துவந்த பெண்கள் இதனால் கொதித்தெழுந்தனர். தம் நூலை, தம் நேரத்தில், தம் விலைக்கு விற்றுவந்தவர்களைக் கம்பெனியின் பட்டறையில் வந்து அமரச் சொன்னால் யார்தான் பொறுப்பர்? அரசு சற்றே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. தனியுரிமை 1675இல் முடிந்தது. ஆனால் அதற்குள் அப்பெண்கள் புதிய நுட்பத்தைத் தம் பழைய திறனோடு சேர்த்துத் தமக்கே உரிய ஒரு பின்னலை உண்டாக்கியிருந்தனர். தனியுரிமை போயிற்று, தொழில் நின்றது. அலான்சோன் லேஸ் 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு சதுர சென்டிமீட்டர் பின்ன 7 மணி நேரம். முழுமையாகக் கற்க 7 முதல் 10 ஆண்டுகள்.

இந்த 10 ஆண்டு என்னும் கணக்கு எனக்குப் புதிதன்று. நான் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாகக் கோர்வை போட்டு நெய்யும் சேலைக்குத் தறியில் ஒருவர் போதாது; கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான் அந்த இன்னொருவர். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே பிள்ளை நெசவாளியாகிறான். எங்கள் தறியில் அந்த இடம் என்னுடையது. நான் கல்லூரிக்கு வந்தபின் என் தந்தையார் கோர்வைச் சேலை எடுப்பதில்லை. அதனால் கெட்டது என்ன என்று கேட்கலாம். ஒரு வீட்டில் ஒரு வகைச் சேலை குறைந்தது, அவ்வளவே. ஆனால் ஓர் ஊரே அவ்வாறு செய்தால், நாட்டின் ஏற்றுமதிப் பட்டியலில் ஒரு வரி அழியும். பள்ளிக்கூடம் தறியைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. ஆனால் தறி தரும் கூலி, படித்த பிள்ளையை மீண்டும் அழைக்கும் அளவுக்கு இருத்தல் வேண்டும்.

கண்டிப்பின் இருண்ட பக்கம்

கோல்பேரைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது வரலாறாகாது. 1669இல் துணியின் நீளம், அகலம், இழை எண்ணிக்கை அனைத்துக்கும் அவர் சட்டம் இயற்றினார். சாயமிடும் முறைக்கும் விரிவான விதிகள் வந்தன. அயல்நாட்டான் நம்பி வாங்க வேண்டுமானால் தரம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்னும் எண்ணம் சரியானதே. ஆனால் 1670 முடிவில் வந்த ஆணைப்படி, குறையுள்ள துணியை, செய்தவன் பெயர் எழுதிப் பொதுவிடத்தில் கம்பத்தில் தொங்கவிட வேண்டும். மூன்றாம் முறை தவறினால் செய்தவனையே துணியோடு சேர்த்துக் கட்டி நிறுத்த வேண்டும்! அவமானத்தால் கைத்திறன் வளருமா? புதிய மாதிரியை முயன்று பார்க்க எவன் துணிவான்?

1666இல் 17 சமய விடுமுறை நாட்களைக் குறைத்தார். சின்னஞ்சிறு குழந்தைகளையும் பட்டறைக்கு அனுப்ப வற்புறுத்தினார். கப்பல்களில் துடுப்பு வலிக்க ஆள் வேண்டுமென்று, குற்றவாளிகளுக்கு அத்தண்டனையே வழங்குமாறு நீதிபதிகளைத் தூண்டினார். கரீபியன் தீவுகளின் அடிமை முறையைச் சட்டமாக்கிய 1685ஆம் ஆண்டின் கறுப்பர் சட்டம் அவர் தொடங்கிவைத்த பணியே. அவர் மறைந்தபின் அவர் மகன் காலத்தில் வெளிவந்தது. ஓரிடத்தில் தொழிலாளியின் கையை வணங்கியவர், வேறோரிடத்தில் கைகளுக்கு விலங்கு பூட்டியவர். இரண்டையும் நாம் சேர்த்தே காண வேண்டும்.

போரும் அவர் திட்டங்களைத் தின்றது. 1667இல் அயல்நாட்டுத் துணிகள் மீது அவர் உயர்த்திய சுங்கவரி, ஹாலந்தோடு பகையை வளர்த்த காரணங்களுள் ஒன்று. 1672இல் தொடங்கிய போர் 1678இல் நிமேகன் உடன்படிக்கையில் முடிந்தபோது அந்த வரியையே பிரான்சு கைவிட நேர்ந்தது. கருவூலம் காலியாயிற்று. கடனும் வரியும் பெருகின. 1683 செப்டம்பர் 6ஆம் நாள் கோல்பேர் பாரிசில் இறந்தார். வரிச்சுமையால் வெறுப்புற்ற மக்கள் தாக்கக்கூடும் என்று அஞ்சி, அவர் உடலை இரவில் எடுத்துச் சென்று அடக்கம் செய்தனர்.

கையோடு போன செல்வம்

அவர் வாழ்வின் பொருள் அவர் இறந்தபின்னரே தெளிவாயிற்று. பிரான்சின் தொழில்துறையில் சீர்திருத்தக் கிறித்தவர் பலர் இருந்தனர். 1598ஆம் ஆண்டின் நாந்து ஆணை அவர்களுக்குப் பாதுகாப்பளித்து வந்தது. தொழிலுக்கு ஊறு வரும் என்பதால் கோல்பேர் அவர்கள்மீது கடுமை காட்டுவதை விரும்பவில்லை. ஆயினும் அவர் உயிரோடிருந்த 1681இலேயே படைவீரரை அவர்கள் வீடுகளில் தங்கவைத்துத் துன்புறுத்தும் கொடுமை தொடங்கிவிட்டது. 1685 அக்டோபரில் மன்னர் அந்த ஆணையையே நீக்கினார். நாட்டைவிட்டு ஓடுவோருக்கும் தண்டனை உண்டு என்றார்.

சட்டமா கால்களைத் தடுக்கும்? சுமார் ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் பேர் வெளியேறினர். அவர்களால் பொன்னை அதிகம் கொண்டுபோக முடியவில்லை, கையைக் கொண்டுபோயினர். இலண்டனின் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பட்டு நெசவு ஓங்கியது. தொப்பி செய்தல், வெண்காகிதம் செய்தல், கடிகார வேலை ஆகியவை இங்கிலாந்திலும் ஹாலந்திலும் ஜெனீவாவிலும் வலுப்பெற்றன. பிராண்டன்பர்க் மன்னர் அவ்வாண்டே அவர்களை வரவேற்று ஆணை பிறப்பித்தார். சுமார் 20,000 பேர் அங்குச் சென்றனர். 1700 வாக்கில் பெர்லின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அவர்களே. பிரான்சு நேற்று விற்ற பொருளை இன்று அண்டை நாடுகள் செய்யத் தொடங்கின. அக்காலப் பிரான்சின் தளர்ச்சிக்குப் போரும் பஞ்சமும்கூடக் காரணங்கள் என்று வரலாற்றறிஞர் கூறுவது சரியே. ஆனால் தொழில்நுட்பம் ஆட்களோடு எல்லை கடந்தது என்பதில் ஐயமில்லை.

வெனிசிலிருந்து கோல்பேர் எதை எடுத்தாரோ, அதையே பிரான்சு இருபது ஆண்டுகளில் தன் கையால் எடுத்துப் பிறர்க்குக் கொடுத்தது. முன்னது முயற்சி, பின்னது மூடத்தனம்.

நம் கரையும் அவரும்

கோல்பேர் 1664இல் தோற்றுவித்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியே 1674இல் ஷேர்கான் லோடியின் இசைவுடன் புதுச்சேரியில் காலூன்றியது. அக்கம்பெனி நம் கரையில் தேடியது பொன்னன்று. துவைத்தாலும் போகாத சாயமிட்ட பருத்தித் துணி. அதன் வரவால் தம் நெசவாளர் கெடுவர் என்று அஞ்சிய பிரான்சு, 1686இல் அத்துணியையும், அதைப்போல உள்நாட்டில் அச்சிடுவதையும் தடைசெய்தது. தடை 1759 வரை நீடித்தது. இடையில் கேர்து என்னும் பாதிரியார், சாயத்தொழில் தெரிந்த நம் மக்களிடம் கேட்டறிந்து, கடுக்காயும் எருமைப்பாலும் சாயவேரும் சேரும் முறையை 1742இல் கடிதமாக எழுதி அனுப்பினார். தடை நீங்கியதும் 1760இல் ஓபர்காம்ப் என்பவர் வெர்சேல்சுக்கு அருகில் ழூயி என்னும் ஊரில் தொடங்கிய அச்சுத்துணி ஆலை உலகப் புகழ்பெற்றது. நம் பாட்டன்மார் நாவில் மட்டும் வைத்திருந்ததை, பிறர் ஏட்டில் ஏற்றிக்கொண்டனர்.

நாம் கொள்ள வேண்டியது

2009இல் ஹிடால்கோ, ஹவுஸ்மன் என்னும் அறிஞர் இருவர், ஒரு நாடு எத்தனை வகைப் பொருள் ஏற்றுமதி செய்கிறது, அவற்றை வேறு எத்தனை நாடுகள் செய்கின்றன என்பதைக் கொண்டு அந்நாட்டின் உள்ளார்ந்த திறனை அளக்கும் முறையை வெளியிட்டனர். கணக்கு புதிது, கருத்து கோல்பேரின் கருத்துக்கு அண்மையது. ஒரு திறன் ஒரு பொருளோடு நிற்பதில்லை. கோப்லானில் வரையப் பழகிய கை திரைச்சீலைக்கும் உதவியது, மரப்பொருளுக்கும் உதவியது. அதே கோப்லானின் சாயப்பிரிவுக்கு 1824இல் தலைவரான ஷெவ்ரல், நிறங்களைப் பற்றிய அறிவியலையே வளர்த்தார்.

கோல்பேரின் வரலாற்றிலிருந்து நான் மூன்று உண்மைகளைக் காண்கிறேன். முதலாவது, சுங்கவரி அயல் சரக்கைத் தடுக்கும். நம் சரக்கை உண்டாக்காது. இரண்டாவது, திறமையாளரை அழைத்து வருவது தொடக்கமே. நம் ஆள் கற்றுக்கொண்டாலன்றித் தொழில் வேரூன்றாது. மூன்றாவது, அச்சமும் அவமதிப்பும் உள்ள இடத்தில் திறன் தங்காது. மதிப்பும் கூலியும் உள்ள இடத்தை நாடிச் செல்லும்.

ஆண்டுதோறும் நம் கல்லூரியிலிருந்து நூற்றுக்கணக்கானோர் பட்டம் பெற்று வெளியேறுகிறோம். பட்டத்தோடு ஒரு தொழிலின் நுட்பத்தையும் கைவரப் பெறுவோமானால், அல்லது தெரிந்தவரிடம் கேட்டு எழுதியேனும் வைப்போமானால், நாட்டின் ஏற்றுமதிப் பட்டியலில் ஒரு வரி நம்மால் கூடும். பொருளியல் படிப்பவர் தறியையும், தறியில் இருப்பவர் பொருளியலையும் அறியும் நாள் வரட்டும். துணி வணிகர் மகன் ஒருவர் முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் கண்டதை, நெசவாளர் மக்களும் உழவர் மக்களும் நிறைந்த நம் கல்லூரி காணாமற் போகலாமா?